மூன்றாம் வேற்றுமையில் ஒரு பாட்டு



இப்பொழிவின் தலைப்பைக் கண்டு இலக்கணம் கேட்க வந்தோர் சிலரும், பாட்டுக் கேட்க வந்தோர் சிலரும் இங்கே அமர்ந்திருப்பதாக அறிகிறோம். இரு சாராரையும் ஏமாற்றாதிருக்க முயல்வோம். இசை ஆர்வலர் தம்முள் ஒருவர்க்கொருவர் புதிய பாட்டை எவ்வாறு அறிமுகம் செய்துகொள்கின்றனர், அவ்வாறு செய்யும்போது எந்தச் சொற்களை, எந்த வேற்றுமை உருபுகளைக் கையாள்கின்றனர் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இசைவாணர் ஒருவர் பேசவேண்டிய பொருளை மொழியியலார் பேசலாமா என்னும் ஐயம் எழலாம். பாட்டைப் பற்றிப் பேச எமக்குத் தகுதி குறைவுதான். பாட்டைப் பற்றி மக்கள் பேசும் பேச்சைப் பற்றிப் பேச ஓரளவு தகுதி உண்டு.

மாணவர் பேச்சில் இப்போது நாள்தோறும் கேட்கும் ஒரு தொடரிலிருந்து தொடங்குவோம். “அந்தப் பாட்டை எனக்கு ஷேர் பண்ணு” என்பது அது. இதில் ஆங்கிலச் சொல் கலந்திருக்கிறது என்று முகம் சுளிப்போர் உண்டு. எம் செவியில் உறுத்தியது அந்தச் சொல் அன்று. ‘எனக்கு’ என்பதில் உள்ள நான்காம் வேற்றுமை உருபுதான். பகு என்னும் அடியிலிருந்து வந்த பகிர் என்னும் வினை, பிரித்துக் கொடுத்தல் என்னும் பொருளில் பழையது. நம் காலத்து எழுத்துத் தமிழில் அது ‘பகிர்ந்துகொள்’ எனத் துணைவினை பெற்று, ‘என்னோடு பகிர்ந்துகொண்டார்’, ‘நண்பருடன் பகிர்ந்துகொண்டோம்’ என மூன்றாம் வேற்றுமையோடு நடைபயின்றது. இன்றோ ‘எனக்குப் பகிர்’, ‘அவருக்குப் பகிர்ந்தேன்’ என எழுதவும் தொடங்கிவிட்டனர்.

உருபுதானே மாறியது, அதனால் என்ன என்று கேட்கலாம். நன்னூலார் மூன்றாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களுள் ஒன்று உடனிகழ்ச்சி. நான்காம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களுள் முதலாவது கொடை. உடனிகழ்ச்சியில் இருவரும் ஒரே வினையைச் செய்கின்றனர். கொடையில் ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் பெறுகிறார். கொடுத்தவரின் வினை கொடுத்தவுடன் முடிந்துவிடுகிறது. ‘உன்னோடு ஒரு பாட்டைப் பகிர்ந்துகொள்கிறேன்’ என்பவர் அந்தப் பாட்டு முடியும்வரை உடன் இருக்கவேண்டியவர். ‘உனக்குப் பகிர்ந்துவிட்டேன்’ என்பவர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டவர். மொழி கெட்டுவிட்டது என்று ஓலமிட நாம் வரவில்லை. வேற்றுமைகள் ஒன்றன் இடத்தில் ஒன்று மயங்குவது தொல்காப்பியர் காலத்திலேயே உண்டு. அதற்கென்றே அவர் ஓர் இயல் வகுத்தார். ஆயினும் ஓர் உருபு இடம்பெயரும்போது, அதனோடு எந்தப் பழக்கம் இடம்பெயர்ந்தது என்று வினவுவது மொழியியலாரின் கடமை.

முதலில் ‘கேள்’ என்னும் வினையைக் காண்போம். தமிழில் செவிமடுத்தலும் கேள், வினவுதலும் கேள், வேண்டிப் பெறுதலும் கேள். கன்னடத்தில் ‘கேளு’ என்பதும் அவ்வாறே கேட்டலுக்கும் வினவலுக்கும் பொது. தெலுங்கு ‘வினு’, ‘அடுகு’ என இரண்டாகப் பிரித்துக்கொண்டது. நம் அண்டை வீட்டு மொழியாகிய மலாயும் தெங்ஙார், தஞா, மிந்தா என மூன்று சொற்களை வைத்திருக்கிறது. தமிழன் மட்டும் ‘பாட்டுக் கேட்டான்’ என்று சொல்லிவிட்டு, அவன் பாட்டைச் செவியால் கேட்டானா, வாயால் கேட்டானா என்பதை வேற்றுமை உருபிடம் ஒப்படைத்துவிடுகிறான். ‘நண்பனிடம் பாட்டுக் கேட்டான்’ என்றால் வேண்டினான். ‘நண்பனோடு பாட்டுக் கேட்டான்’ என்றால் உடனிருந்து செவிமடுத்தான். ‘நண்பனுக்காகப் பாட்டுக் கேட்டான்’ என்றால் வானொலி நிலையத்திற்கு அஞ்சலட்டை எழுதினான். ஒரு வினை, மூன்று உருபுகள், மூன்று உறவுகள். இலக்கண வகுப்பில் வேற்றுமை கற்பிக்கும் ஆசிரியர்கள் ‘இராமன் வில்லால் எய்தான்’ என்பதைச் சிறிது காலம் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு இந்த மூன்று தொடர்களைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம்.

கேள் என்பதற்கு உறவு, நட்பு என்னும் பொருளும் பழந்தமிழில் உண்டு. கேளிர் என்பது அதன் வழி வந்தது. கேட்பவரே கேளிர் ஆவர் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இவ்விரண்டையும் தனித்தனிப் பதிவாகவே வைத்திருப்பதால், அந்தக் கைதட்டலை நாம் துறக்கிறோம்.

‘கேள்வி’ என்னும் பெயர்ச்சொல்லுக்கு இசை உலகில் ஒரு தனி வாழ்வு உண்டு. முறையாகக் குருவிடம் பயிலாது, கேட்டுக் கேட்டே இராகமும் தாளமும் அறிந்தவரைக் ‘கேள்வி ஞானம் உள்ளவர்’ என்பர். இத்தொடரைச் சிலர் குறைவாக எண்ணுவதுண்டு. கேள்வி ஞானம் தனியே இருந்து பெறத்தக்கதன்று என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். “இப்போது வந்தது என்ன இராகம்?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால்தான் அந்த ஞானம் வளரும். செவியால் கேட்பதும் வாயால் கேட்பதும் ஒரே வினையாக இருப்பதன் பயனை இங்கே காணலாம்.

அக்கம்பக்கத்தாரைக் கேட்பதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை ஒரு காலத்தில் பொறியே வழங்கியது. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். அது முடிந்தால் ஒருவர் எழுந்து, முள்ளை உயர்த்தி, தட்டைத் திருப்பி, எஃகு முள்ளாயின் புதியதொன்றைப் பொருத்தி, விசையை முறுக்கிவிட வேண்டும். இந்த இடைவெளியில் சுற்றி அமர்ந்திருந்தோர் என்ன செய்தனர்? பேசினர். ‘எடுப்பு நன்று’ என்றார் ஒருவர். ‘சரணத்தில் சுருதி விலகிற்று’ என்றார் மற்றவர். ‘மறுபடியும் அதையே போடு’ என்றது ஒரு குழந்தை. ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் முள் அந்தத் தட்டை நுண்ணியதாகத் தேய்த்தது. கேட்கக் கேட்கக் குறையும் பொருளாக இசை இருந்த காலம் அது. ஆகையால், இதை யாருக்காகப் போடுகிறோம் என்னும் எண்ணம் தட்டின் சொந்தக்காரருக்கு எப்போதும் இருந்தது.

‘போடு’ என்னும் சொல்லையும் கவனியுங்கள். தட்டைச் சுழல்மேடையில் இட்ட செயலுக்கு ஏற்ற வினை அது. தட்டு போயிற்று, சுழல்மேடை போயிற்று. பாட்டுப் ‘போடுவது’ மட்டும் இன்றும் நம்மிடையே உள்ளது. பத்து வயதுச் சிறுவனும் கைப்பேசியைத் தந்து ‘பாட்டுப் போடுங்க தாத்தா’ என்கிறான். பொருள்கள் அழிந்த பின்னும் வினைகள் அவற்றின் நிழலாக நடமாடுவது மொழியின் இயல்பு.

இசைத்தட்டின் தொடக்க காலத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே குறிப்பிடவேண்டும். 1902ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கெயிஸ்பர்க் கொல்கத்தாவிற்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிந்தார். பாட்டின் முடிவில் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் தாமே அறிவிப்பதைப் பதிவில் கேட்கலாம். பதிந்த மூலத்தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலில் சென்று அங்கே அச்சிடப்பட்டன. அங்குள்ள பணியாளர் எந்தத் தட்டு யாருடையது என்று அடையாளம் காண்பதற்காகவே இந்த அறிவிப்பு என்பர். தொழில்நுட்பத் தேவைக்காகச் சொன்ன பெயர், கேட்டோர்க்கு ஒரு முகமன் ஆயிற்று. பாட்டு தானே வந்து தன்னை அறிமுகம் செய்துகொண்டது. பாட்டோடு ஒரு சொல் சேர்ந்தே வரவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம்.

அந்தச் சொல்லைத் தமிழில் ஒரு கலையாகவே வளர்த்தது வானொலி. இந்தியாவில் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், அனைத்திந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமின்றிச் செய்தார். செவ்விசை வளர்க்கவேண்டும் என்பது அவர் நோக்கம். விளைவு வேறாயிற்று. 1950இல் தொடங்கியிருந்த இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பின் பக்கம் நேயர்கள் திரண்டனர். இந்தியில் அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா 1952இன் இறுதியில் தொடங்கிற்று. தமிழ்ப் பகுதியில் மயில்வாகனன், பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் கடலுக்கு அப்பாலும் வீட்டுக் குரல்கள் ஆயின. 1957இல் விவித் பாரதியைத் தொடங்கித் திரைப்பாடலுக்குக் கதவைத் திறந்தது இந்திய அரசு. அரசு ஆணையால் மக்கள் செவியைத் திருப்ப இயலாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மொழித் திட்டமிடுவோரும் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

இவ்வகை நிகழ்ச்சிகளின் உயிர் பாட்டில் இருந்ததா, விரும்பிக் கேட்டோர் பெயர்ப் பட்டியலில் இருந்ததா என்று சொல்வது கடினம். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் ஜும்ரி தலையா என்றொரு சிற்றூர் உண்டு. அபிரகச் சுரங்கங்களைச் சார்ந்து வாழ்ந்த ஊர். அங்கிருந்து பாட்டுக் கேட்டு வந்த அஞ்சல்கள் ஓயாது குவிந்தமையால் அறிவிப்பாளர்கள் அவ்வூர்ப் பெயரை நாள்தோறும் வாசித்தனர்; அப்படி ஓர் ஊரே இல்லை, நிலையத்தார் புனைந்த பெயர் என்றுகூடப் பலர் நம்பினர். பாட்டுக் கேட்டே ஓர் ஊர் தன்னை நாட்டுக்கு அறிவித்துக்கொண்ட கதை இது.

நம் பகுதியில், போருக்குப் பின் 1946இல் மலாயா வானொலி செயற்படத் தொடங்கியதும், 1959 முதல் சிங்கப்பூர் வானொலி தனியே இயங்கியதும், இன்று இங்கே ஒலி 96.8 என்றும் மலேசியாவில் மின்னல் எஃப்.எம். என்றும் தமிழ் ஒலிப்பதும் நீங்கள் அறிந்தவை. எம் இளமையில் வானொலிக்கு அஞ்சலட்டை எழுதுவது தெருவின் கூட்டுச் செயல். கையெழுத்து அழகாக உள்ள ஒருவரிடம் அட்டை போகும். எழுதப்பட வேண்டிய பெயர்களில் வாக்குவாதம் நிகழும்; பிணக்கில் இருந்த சித்தப்பா பெயரைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் ஒரு மாலைப்பொழுது கழியும். அந்த அட்டையின் நடை இன்றும் நினைவில் உள்ளது: பாட்டின் முதலடி, படத்தின் பெயர், பாடியவர் பெயர், ‘விரும்பிக் கேட்போர்’ என்னும் தலைப்பு, அதன்கீழ் உறவு முறைகளோடு பெயர்கள். நடையியல் நோக்கில் அதுவும் ஓர் இலக்கிய வகைதான். தமிழில் அதைத் தவிர வேறொன்றும் எழுதியிராத கைகளும் அதைப் பிழையின்றி எழுதின.

வானொலியைக் கேட்பவர்க்குத் தமிழ் கொடுத்த பெயரும் எண்ணத்தக்கது. கேட்பவர் என்று சொல்லாமல் ‘நேயர்’ என்றனர். சினேகம் என்னும் வடசொல்லின் வழிவந்த நேயம் என்பது அதன் அடி. செவியை வைத்துப் பெயரிடாது அன்பை வைத்துப் பெயரிட்ட மொழிகள் பல இருப்பதாக எமக்குத் தெரியவில்லை. இன்று ‘பயனர்’ என்கிறோம். பயனர் என்பதும் நல்ல ஆக்கச்சொல்தான், குறை கூறுவதற்கில்லை. எனினும் நேயர் பயனராக மாறியபோது உறவும் மாறிற்று.

ஒலிநாடாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிக் கடப்போம். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த சிறு நாடாப் பேழை, அடுத்த இருபதாண்டுகளில் சிராங்கூன் சாலைக் கடைகளையும் கோலாலம்பூர், பினாங்குக் கடைகளையும் நிறைத்தது. 60 நிமிட நாடாவோ 90 நிமிட நாடாவோ வாங்கி, வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கடைக்காரர் பதிந்து கொடுப்பார். அந்தத் தாளில் வரிசை முக்கியம். எந்தப் பாட்டின்பின் எந்தப் பாட்டு என்று ஒருவர் எழுதித் தருவது அவர் செவியின் வரலாறு. நண்பர் பதிந்து தந்த நாடாவில் கடைசியாக மிஞ்சிய இரண்டு நிமிடத்தை நிரப்ப அவர் சேர்த்த அறியாத பாட்டே, பிற்காலத்தில் நம் நெஞ்சுக்கு நெருங்கிய பாட்டாக ஆன அனுபவம் உங்களுள் மூத்தோர் பலர்க்கும் இருக்கும். பின்னர் வந்ததைத் தமிழ்நாட்டார் குறுந்தகடு என்றனர், இலங்கையர் இறுவட்டு என்றனர். இரு பெயர்களும் நிலைபெறுமுன் அந்தப் பொருளே மறைந்துவிட்டது. கலைச்சொல்லாக்கக் குழுக்களுக்கு இப்படியும் ஒரு சோதனை.

இப்போது நம் கவலைக்கு வருவோம். சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியருள் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர்; பத்தாண்டுகளுக்கு முன் இது 37 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. ஆங்கிலம் 59 விழுக்காட்டை எட்டியுள்ளது. பல மாணவர்க்கு ஒரு நாளில் வகுப்பறைக்கு வெளியே செவியில் விழும் தமிழ் பாட்டுத் தமிழ் மட்டுமே. பாட்டு அவர்களிடம் குறைவாக இல்லை. எம் தலைமுறை கனவிலும் காணாத அளவில் உலகின் இசை முழுதும் அவர்கள் சட்டைப்பையில் இருக்கிறது. அவர்கள் ஆர்வமும் குறைவன்று. புதிய இசையமைப்பாளரை எமக்கு முன்பே கண்டுபிடிப்பவர்கள் அவர்களே. ஆயின் பாட்டு தமிழிலும், பாட்டைப் பற்றிய பேச்சு ஆங்கிலத்திலும் நடக்கின்றன. பல வேளைகளில் பேச்சே நடப்பதில்லை. ஒரு சுட்டி வருகிறது. பதிலுக்கு ஒரு நெருப்புப் படம் போகிறது. பாட்டு தமிழின் தீவாக மிதக்க, அதைச் சூழ்ந்த கடல் வேறு மொழியாக இருக்கிறது. வினைமுற்றும் வேற்றுமையும் பயில்வது அந்தக் கடலில்தான், தீவில் அன்று. பாட்டை மனப்பாடமாகப் பாடும் மாணவர், அது ஏன் பிடித்தது என்று தமிழில் மூன்று தொடர் சொல்ல முடியாமல் தடுமாறுவதை இங்குள்ள ஆசிரியர்கள் நன்கறிவீர்கள்.

‘செம’, ‘வேற லெவல்’ என்பன போதாவோ என்றால், அவற்றின்மேல் எமக்குப் பகை இல்லை. இளையோர் தாமே ஆக்கிக்கொண்ட சொற்கள் மொழியின் உயிர்ப்புக்கு அடையாளம். அவை முத்திரைகள்; வருணனைகள் அல்ல. அஞ்சல் முத்திரையைப் பார்த்துக் கடிதத்தில் இருப்பதை அறிய இயலாது. மூத்த இரசிகர்கள் பயன்படுத்திய சொற்களைச் சற்று நினைவுகூருங்கள்: குழைவு, இழைவு, கார்வை, எடுப்பு, கனம், கம்மல், கணீரென்ற குரல். குரலைச் ‘சாரீரம்’ என்றனர்; சரீரம் என்னும் உடலோடு தொடர்புடைய சொல் அது. பாட்டு உடலிலிருந்து வருகிறது என்னும் அறிவு அச்சொல்லுக்குள் இருந்தது. இவற்றை மாணவர் மனனம் செய்யவேண்டும் என்பதன்று எம் கருத்து. பட்டியலாகக் கொடுத்தால் இவையும் தேர்வுத்தாளில் செத்துப்போகும்.

வேறொரு வழி நம் பழைய இலக்கியத்திலேயே இருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். முருகாற்றுப்படை நீங்கலாக மற்ற நான்கும் கலைஞரை ஆற்றுப்படுத்துவன: பொருநரை, சிறுபாணரை, பெரும்பாணரை, கூத்தரை. வள்ளலைக் கண்டு பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞரிடம், ‘நாம் பெற்றதை நீயும் பெறுவாய், இவ்வழியே செல்’ என்று சொல்வதே இதன் அமைப்பு. யாழும் முழவும் சுமந்த ஒரு கூட்டம், அதே தொழிலுடைய வேறொரு கூட்டத்திற்கு உரைக்கும் செய்தி. ஆர்வலர் ஆர்வலர்க்குச் செய்யும் பரிந்துரைக்கு இதைவிடப் பழைய தமிழ் வடிவம் இல்லை.

இங்கே ஒரு நுட்பம். ஆற்றுப்படுத்துபவர் தாம் பெற்ற பரிசிலைப் பிரித்துக் கொடுப்பதில்லை, வழியைக் கொடுக்கிறார். ‘ஆறு’ என்றாலே வழி. சென்று சேரவேண்டிய இடத்தைவிட வழிக்கே மிகுதியான அடிகள் செலவாகின்றன. மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நன்னனின் செங்கண்மா நகருக்குச் செல்லும் மலைவழியைப் பெருங்கௌசிகனார் எவ்வளவு விரிவாகச் சொல்கிறார்! எங்கே குழிகள் மறைந்திருக்கும், எங்கே பாம்பு கிடக்கும், எங்கே பாறை வழுக்கும், தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் எத்திசையிலிருந்து வரும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லி, மலையில் எழும் ஒலிகளையும் அடுக்குகிறார். நூலின் பெயரே அந்த ஒலிகளால் வந்தது. இடர்களை மறைக்காமல் சொல்வது நல்ல பரிந்துரையாளரின் இலக்கணம். ‘முதல் நிமிடம் சலிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள், வயலின் நுழையும் இடத்தில் கண்ணை மூடிக்கொள், நடுவில் வரும் ஆங்கில வரி உனக்குப் பிடிக்காது, கடந்துவிடு’ என்று சொல்லும் நண்பர் பெருங்கௌசிகனாரின் மாணவர். சுட்டியை மட்டும் அனுப்புபவர் நம்மை நேரே நன்னனின் வாயிலில் இறக்கிவிட்டுப் போகிறார். வழி தெரியாதவர்க்கு ஊரும் விளங்குவதில்லை.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கோலாலம்பூரில் வளர்ந்த யோகி பி, நட்சத்திரா குழுவினரோடு 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ என்னும் தொகுப்பு, சொல்லிசையில் நாட்டமுடைய மாணவர்க்கு அறிமுகமானதே. சொல்லிசை என்னும் ஆக்கச்சொல் ‘ராப்’ என்பதைத் தமிழில் எவ்வளவு பொருத்தமாகப் பெயர்த்தது என்பதையும் இடையே பாராட்டிவிடுவோம். மலேசியாவில் பிறந்த அந்தத் தொகுப்பு தமிழ்நாட்டு இளைஞரிடையே பரவிற்று. பாட்டு எப்போதும் அங்கிருந்து இங்கேதான் வரும் என்னும் எண்ணத்தை அது அசைத்தது. அத்தொகுப்பின் புகழ்பெற்ற பாட்டாகிய ‘மடை திறந்து’, 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராசா இசையில் வாலி எழுதி எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாட்டின் மறு ஆக்கம். சொல்லிசையை மட்டும் அறிந்த மாணவரை 1980ஆம் ஆண்டுப் பதிவுக்கு அழைத்துச் செல்வது முதல் நடை. அங்கே தாளத்தின் துள்ளலையும் குரல் மேலெழும் விதத்தையும் கேட்டபின், ‘மடை என்றால் என்ன?’ என்று அவர் கேட்பார். கேளாவிடில் நாம் கேட்கலாம்.

மடை என்பது ஏரியிலோ கால்வாயிலோ நீரைத் தடுத்துத் திறந்துவிடும் வழி. அடுக்குமாடி வீட்டில் பிறந்து, குழாயைத் திருகினால் வரும் நீரைத் தவிர வேறு நீரை ஆளாத பிள்ளைக்கு அது வெறும் ஓசை. ஏரி, மதகு, மடை, வாய்க்கால், வரப்பு, வயல் என நீர் செல்லும் வழியே சொற்களும் செல்கின்றன. ‘மடை திறந்த வெள்ளம்’ என்று நாம் பேச்சாளரைப் புகழ்வதும், அடக்கிவைத்த ஒன்று விடுபடும் அந்தக் காட்சியிலிருந்துதான். இப்போது மறுபடியும் அந்தப் பாட்டைக் கேட்டால், அடைபட்ட கலைஞன் ஒருவனின் மனம் திறப்பது செவியில் விழும். இவ்வளவும் நிகழ ஒரு மணி நேரம் போதும். பாடநூலில் மருதத்திணைக்கு ஒதுக்கிய பக்கங்களுக்கும் இதனால் ஈரம் வரும். இந்த வழியை எமக்குக் காட்டியவர் பதினாறு வயது மாணவர் ஒருவர் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறோம். யோகி பியை நாம் அவர் வழியாகவே கேட்டோம். வாலியை அவர் எம் வழியாகக் கேட்டார்.

இது மூன்றாம் வேற்றுமைக்கு மீண்டும் நம்மைக் கொண்டுவருகிறது. இருவர் ஒரு வினையைச் செய்யும்போது, ‘ஒடு’ என்னும் உருபு அவ்விருவருள் உயர்ந்தவர் பெயரைச் சார்ந்து வரும் என்பது தொல்காப்பியர் விதி. ‘ஆசிரியரோடு மாணவர் வந்தார்’ என்பதே அவ்விதிக்கு இயைந்த தொடர். சரி, பாட்டுக் கேட்கும் அவையில் உயர்ந்தவர் யார்? அந்தப் பாட்டை முன்னே கேட்டவரே. அவர் பன்னிரண்டு வயதினராக இருக்கலாம். அப்போது ‘மாணவரோடு ஆசிரியர் பாட்டுக் கேட்டார்’ என்று எழுதுவதே இலக்கணம் ஆகும். உருபு இவ்வாறு கைமாறிக்கொண்டே இருக்கும் வகுப்பில் தமிழ் பேசுவதற்கு அச்சம் இராது. தெரிந்ததைச் சொல்பவர் பிழையோடும் துணிந்து பேசுவார்.

செய்முறையாகச் சிலவற்றைச் சொல்லலாம். வாரம் ஒரு மாணவர் ஒரு பாட்டைக் கொணரட்டும். பாட்டு தமிழாக இருக்கவேண்டும் என்றுகூட நாம் வற்புறுத்த மாட்டோம். மலாய்ப் பாட்டோ கொரியப் பாட்டோ ஆகுக. ஆற்றுப்படுத்தும் உரை மட்டும் தமிழில் இருக்கவேண்டும். பாட்டைப் போடுமுன் இரண்டு நிமிடம் அவர் வழி சொல்லவேண்டும்: எங்கே கேட்டார், யார் காட்டினார், எந்த இடத்தில் காது கூர்மையாக வேண்டும், எந்த இடத்தில் இடறும். பிறகு பாட்டு ஒலிக்கும்போது அனைவரும் ஒரே ஒலிபெருக்கியில் கேட்கவேண்டும். செவிப்பொறிகள் பைக்குள் இருக்கட்டும். முடிந்தபின் அடுத்த பாட்டு தானாகத் தொடங்கிவிடாதபடி நிறுத்திவிடுங்கள். அந்த அமைதி சற்று அருவருப்பாகத்தான் இருக்கும். தட்டைத் திருப்பிப் போடும் நேரம் அது என்று எண்ணிக்கொள்ளுங்கள். யாரேனும் ஒருவர் பேசியே தீருவார். மதிப்பெண் வேண்டா. மதிப்பெண் நுழைந்தால் மாணவர் தமக்குப் பிடித்த பாட்டை விட்டுவிட்டு, ஆசிரியர்க்குப் பிடிக்கும் பாட்டைக் கொணர்வர். நமக்கும் பாரதியார் பாடல்களே முப்பது வாரமும் வாய்க்கும். பாரதியார்மீது எமக்குள்ள அன்பை அறிந்தோர் இதைப் பிழையாகக் கொள்ளார்.

பொழிவு இங்கே நிற்கிறது. இம்மண்டபத்தின் வாயிலருகே மேசையில் அஞ்சலட்டைகள் வைத்திருக்கிறோம். பாட்டின் முதலடி, பாடியவர், விரும்பிக் கேட்போர், வழி என நான்கு தலைப்புகள் அதில் அச்சாகியுள்ளன. நான்காவதற்கு மட்டும் இடம் பெரிதாக விடப்பட்டுள்ளது. சிற்றுண்டிக்குச் செல்லுமுன் எழுதித் தந்தால், வினா விடை நேரத்தில் அவற்றுள் மூன்றை வாசித்து, அந்த மூன்று பாட்டுகளையும் இங்கேயே போட்டுக் கேட்போம். ஒலிபெருக்கியை இயக்கத் தெரிந்த மாணவர் ஒருவர் முன்வரிசைக்கு வருக.